மூன்றாவது பாகம் முதல் பாகத்தைக் கெடுத்துவிட்டதா? ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ பற்றிச் சில குறிப்புகள்

ஜூன் 3

ஒரு வாசகரின் புகார் இது: “பிலிப் புல்மனின் மூன்று புத்தகங்களையும் முடித்துவிட்டேன். முதல் பாகம் அபாரம். கவசம் போட்ட கரடி, பலூன், வடதுருவம், காணாமல்போன பிள்ளைகளைத் தேடிப் போகிற லைரா என்ற வாயாடிப் பெண். மூன்றாவதில் ஆசிரியர் கதையை ஓரங்கட்டிவிட்டுக் கடவுளோடு மல்லுக்கு நிற்கிறார். கடைசியில் லைராவையும் அவள் காதலிக்கும் வில் என்ற பையனையும் வேண்டுமென்றே பிரித்துவைத்து நம்மை அழவிடுகிறார். இது சிறுவர் கதையா, பிரசாரமா?”

பாதி சரி. மூன்றாவது பாகம் ஊதிப்போன புத்தகம்தான். 1995இல் ‘நார்தர்ன் லைட்ஸ்’, 1997இல் ‘தி சட்டில் நைஃப்’, அப்புறம் மூன்று வருடம் காக்கவைத்து 2000இல் ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’. அந்த இடைவெளியில் மனதில் வந்த எதையும் அவர் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது. தேவதூதர்கள், தட்டாம்பூச்சி மேல் சவாரி செய்யும் சாண் உயர ஒற்றர்கள், சக்கரத்தில் ஓடும் பிராணிகள், செத்தவர்களின் உலகம், நடுவில் ஒரு மகாயுத்தம். ஆனால் கடவுளோடு சண்டை என்பது இந்த மூன்று புத்தகங்களிலேயே சுவாரசியம் குறைந்த சமாசாரம் என்பது என் கட்சி. ஆதரிப்பவர்களும் அதைப் பற்றியே பேசுகிறார்கள், எதிர்ப்பவர்களும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். நடுவில் புத்தகம் காணாமல் போய்விட்டது.

ஜூன் 3, இரவு

முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படிக்காதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம். படித்துவிட்டு வந்து திட்டினால் இன்னும் நல்லது.

ஜூன் 4

டீமனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லா வாசகர்களும் அங்கேதான் விழுகிறார்கள். லைராவின் உலகத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் உயிரின் ஒரு பகுதி உடம்புக்கு வெளியே ஒரு விலங்காக, பேசிக்கொண்டு, கூடவே திரிகிறது. சிறுவர்களின் டீமன் நினைத்தபோது உருவம் மாற்றும். அந்துப்பூச்சி, காட்டுப்பூனை, பறவை, எதுவானாலும். வயதுக்கு வரும் பருவத்தில் ஒரே உருவத்தில் நின்றுவிடும். அப்புறம் அதுதான் நீங்கள்.

படித்த எல்லோரும் கேட்கும் கேள்வி “உன் டீமன் என்னவாக இருக்கும்?” பெரியவர்கள் சொல்லும் பதில்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்று சிறுத்தை, இல்லாவிட்டால் ஓநாய், அடக்கமாகத் தெரிய விரும்புகிறவர்களுக்கு ஆந்தை. கோழி என்று சொன்ன ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. புத்தகத்தில் இதற்கு ஒரு கப்பல் மாலுமி பதில் சொல்கிறார். டீமன் டால்ஃபினாக நின்றுபோன ஒருவன், கரையில் கால் வைக்கவே முடியாமல் ஆயுளைக் கடலில் கழித்த கதை. சிங்கம் வேண்டுமென்று ஆசைப்பட்டுப் பூடில் நாய் கிடைத்தால் அதைத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதுவரை புலம்பல்தான் மிச்சம் என்கிற தொனியில் பேசுகிறார். வேலைக்காரர்களின் டீமன்கள் பெரும்பாலும் நாய்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி வருமே, அது என்னை முதல் வாசிப்பிலேயே உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. சுபாவத்தால் நாயா, வேலையால் நாயா? புல்மன் பதில் சொல்வதில்லை. லைராவின் உலகத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதாகவும் தெரியவில்லை, பிரபு வீட்டுப் பெண்ணுக்கு அது கேள்வியாகத் தோன்றுவதும் இல்லை.

என் அக்கா மகளிடம் இதே கேள்வியைக் கேட்டபோது அவள் ஒரு விலங்கையும் சொல்லவில்லை. “நிற்கவே வேண்டாம், மாறிக்கிட்டே இருக்கட்டும்” என்றாள். அப்போது அவள் லைராவை விடச் சின்னவள்.

ஜூன் 4, சற்றுப் பின்

மேலே எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். டீமன் என்கிற கற்பனை அழகாக இருப்பதோடு நின்றிருந்தால் இந்தப் புத்தகம் இத்தனை நாள் பேசப்பட்டிருக்காது. முதல் பாகத்தின் நடுவில், வடக்கே ஒரு மீன் கொட்டகையில், லைரா டோனி மக்காரியோஸ் என்ற பையனைக் கண்டுபிடிக்கிறாள். அவனிடம் டீமன் இல்லை. வெட்டிப் பிரித்துவிட்டார்கள். அவன் ஒரு காய்ந்த மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முதலில் லைராவுக்கு வருவது இரக்கம் இல்லை, அருவருப்பு. தலையில்லாத மனிதனைப் பார்ப்பது போல. அதை மறைக்காமல் எழுதினாரே, அங்கேதான் நான் புல்மனை நம்ப ஆரம்பித்தேன். அந்தப் பையன் செத்துப்போகிறான். அவன் கையிலிருந்த மீனையும் யாரோ எடுத்து நாய்களுக்குப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் லைராவுக்கு வரும் கோபம் இருக்கிறதே! கடைசியில் ஒரு தங்கக் காசில் அவனுடைய டீமனின் பெயரைக் கீறி அவன் வாயில் வைக்கிறாள்.

திரையில் இந்தப் பையனை பில்லி காஸ்டாவாக மாற்றிவிட்டார்கள், சினிமாவிலும் சரி, தொலைக்காட்சித் தொடரிலும் சரி. பில்லி லைராவுக்கு ஏற்கெனவே தெரிந்தவன், அவனைத் தேடி அவன் அம்மாவே வந்திருக்கிறாள், அதனால் அழுத்தம் கூடும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். டோனிக்கு அழ அங்கே யாருமே இல்லை என்பதுதான் புத்தகத்தில் அந்த இடத்தின் கனம்.

ஜூன் 5

“சின்னப்பிள்ளைகள் புத்தகத்துக்கு இவ்வளவு பெரிய ஆராய்ச்சியா?” என்று ஒருவர். மூன்றாவது பாகத்துக்கு 2001ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் விருது கிடைத்தது. பெரியவர்களுக்கான நாவல், கவிதை, வாழ்க்கை வரலாறு எல்லாவற்றையும் தாண்டி அந்த வருடத்தின் சிறந்த புத்தகம் என்று. சிறுவர் புத்தகம் ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. முதல் பாகம் சிறுவர் நூல்களுக்கான கார்னகி பதக்கம் வாங்கியது, 2007இல் அந்தப் பதக்கத்தின் 70ஆம் ஆண்டையொட்டி நடந்த வாக்கெடுப்பில் அதுவரை பதக்கம் பெற்ற எல்லாவற்றிலும் முதலிடம் அதற்கே போனது. விருதை வைத்து வாதாடுவது எனக்கே பிடிக்காது. ஆனால் “சின்னப்பிள்ளைகள்” என்று இழுத்தவர் அவர்தான்.

ஜூன் 7

சரி, கடவுள் விஷயம்.

“கடவுளைக் கொல்லும் புத்தகம்” என்று ஒரு பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. 2007இல் படம் வந்தபோது அமெரிக்காவின் கத்தோலிக் லீக் அதைப் புறக்கணிக்கச் சொல்லிப் பெரிய இயக்கமே நடத்தியது. நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதிகம் எதிர்ப்பைச் சந்தித்த புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் போடும் பட்டியலில், 2008ஆம் ஆண்டுக்கு இந்த மூன்று புத்தகங்களும் சேர்ந்து இரண்டாம் இடம். மறுபக்கம், அன்றைய கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் 2004இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் புல்மனோடு ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினார். அவருக்குப் புத்தகம் பிடித்திருந்தது. சமய வகுப்பில் பிள்ளைகள் இதைப் படிக்கலாம் என்றுகூடச் சொன்னார். பயந்தவர்கள் ஒரு பக்கம், பயப்படாத பேராயர் ஒரு பக்கம்.

இப்போது அந்தக் காட்சியை எடுத்துப் பாருங்கள். கடவுளாக வணங்கப்படுகிற, அதாரிட்டி என்று அழைக்கப்படுகிறவர் உலகத்தைப் படைத்தவரே இல்லை. முதலில் தோன்றிய தேவதூதர், அவ்வளவுதான். பின்னால் வந்தவர்களிடம் “நான்தான் உங்களைப் படைத்தேன்” என்று பொய் சொன்னவர். மூன்றாவது பாகத்தில் நாம் பார்க்கும்போது அவர் தள்ளாத கிழவர். எல்லா அதிகாரமும் மெட்டட்ரான் என்ற இன்னொரு தேவதூதர் கையில். கிழவரைப் படிகப் பெட்டி ஒன்றில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவர் குழந்தை மாதிரி பயந்து அழுகிறார். வில்லும் லைராவும் அவர் யாரென்றே தெரியாமல், பாவமே என்று பெட்டியைத் திறந்து வெளியே வர உதவுகிறார்கள். காற்றுப் பட்டதும் கரைந்துபோகிறார். போகும்போது முகத்தில் ஒரு நிம்மதி.

இதில் கொலை எங்கே இருக்கிறது? இரண்டு பிள்ளைகள் ஒரு நோயாளிக் கிழவருக்குக் கைகொடுத்தார்கள். இந்தப் பக்கம் புரட்சிக்கொடி பிடித்த லைராவின் அப்பா அஸ்ரியல் பிரபு எத்தனை உலகங்களிலிருந்து படை திரட்டினார்! அந்தப் படைக்கும் கிழவரின் சாவுக்கும் ஒட்டு உறவு கிடையாது. தலைப்பே மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் இரண்டாம் காண்டத்திலிருந்து வந்தது. அந்தக் காவியத்தில் சாத்தான் பேசும் வீராவேசத்தைக் கேட்டு மயங்காதவர்கள் குறைவு. புல்மன் அஸ்ரியலை அதே அச்சில் வார்த்துவிட்டு, அவர் செய்ய நினைத்த காரியத்தைக் குழந்தைகளின் கையில் தற்செயலாக முடித்துவிடுகிறார். எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இந்தப் பக்கத்தை மெதுவாகப் படித்திருந்தால் இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்கும்.

அப்படியானால் பிரசாரம் இல்லையா என்றால், இருக்கிறது. விஞ்ஞானி மேரி மலோன் தான் ஏன் கன்னியாஸ்திரி மடத்தை விட்டு வந்தேன் என்று பிள்ளைகளிடம் சொல்லும் இடம். ஒரு மாலை நேரம், ஒரு மார்சிபான் துண்டு, ஒரு பழைய நினைவு என்று அழகாகத்தான் போகிறது. திடீரென்று கிறிஸ்தவம் ஒரு பெரிய தவறு என்று அவள் வாயில் ஒரு தீர்ப்பை வைத்துவிடுகிறார். அந்த வாக்கியம் மேரி பேசுவது இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஆசிரியர் குரல் கொடுக்கிறார்.

ஜூன் 8

அஸ்ரியல் என்று பேச்சு வந்ததால் இது.

முதல் அத்தியாயத்தில் கல்லூரித் தலைவர் டோக்கே மதுவில் விஷம் கலக்கிறார், ஒளிந்திருந்து பார்த்துவிட்ட லைரா அலமாரியிலிருந்து வெளியே வந்து அஸ்ரியலை எச்சரிக்கிறாள், அவர் பிழைத்துக்கொள்கிறார். நாமெல்லாம் கைதட்டுகிறோம். கடைசி அத்தியாயத்தில் அதே அஸ்ரியல், லைராவின் நண்பன் ரோஜரையும் அவன் டீமனையும் வெட்டிப் பிரித்து, அதில் வெளிப்படும் சக்தியை வைத்து வேறு உலகத்துக்கு வழி திறக்கிறார். ரோஜர் சாகிறான். அவள் அன்றைக்கு அலமாரிக்குள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்?

இதை இரண்டாம் வாசிப்பில்தான் கவனித்தேன், கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். விஷம் வைத்தவர் கெட்டவரும் இல்லை, லைராவை வளர்த்தவர், நேசித்தவர். சிறுவர் கதைகளில் விஷம் வைக்கிறவர் யார் என்று தெரிந்தால் போதும், கட்சி பிரிந்துவிடும். இங்கே முதல் இருபது பக்கத்திலேயே அந்த வசதியைப் பறித்துவிடுகிறார், நமக்குத் தெரிவது என்னவோ நானூறு பக்கம் கழித்து.

இன்னொன்று. ஸ்வால்பார்டில் லைரா கதவைத் திறந்துகொண்டு வரும்போது அஸ்ரியல் முகம் வெளுத்துப்போய், “நான் உன்னை வரச்சொல்லவில்லை” என்று கத்துகிறார். அவருக்கு ஒரு குழந்தை தேவை, வந்திருப்பதோ சொந்த மகள். பின்னால் ரோஜர் நிற்பதைப் பார்த்ததும் அமைதியாகிவிடுகிறார். பிள்ளைகளுக்கு வெந்நீர் போடச் சொல்கிறார். முதல் தடவை படிக்கும்போது இது ஏதோ தகப்பனின் பாசம் என்று நினைத்துக் கடந்துபோவோம். இவ்வளவு குளிர்ச்சியான ஒரு பக்கம் பேய்க்கதைகளில்கூட நான் படித்ததில்லை.

அதனால் மூன்றாவது பாகத்தில் எனக்கு இருக்கும் உண்மையான குறை இதுதான், கடவுள் இல்லை: அஸ்ரியலுக்கும் லைராவின் அம்மா மிசஸ் கோல்ட்டருக்கும் ஒரு வீரமரணம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார். மகளுக்காக மெட்டட்ரானையும் இழுத்துக்கொண்டு பாதாளத்தில் விழுகிறார்கள். சரி, மகளுக்காக. ரோஜருக்காக?

ஜூன் 8, இரவு

மிசஸ் கோல்ட்டரின் டீமனான தங்கக் குரங்குக்குப் புத்தகத்தில் பெயரே கிடையாது. அது பேசி நாம் கேட்பதும் இல்லை. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு உறவு. தொடரில் ரூத் வில்சன் அந்தக் குரங்கை அறைந்துவிட்டுத் தானே சுருண்டுபோவார், அந்த ஒரு அசைவில் அந்தப் பெண்ணின் மொத்த வாழ்க்கையும் வந்துவிட்டது.

ஜூன் 11

ஒரு கல்லூரி மாணவி நல்ல சந்தேகம் எழுப்பியிருக்கிறார். லைரா ஒரு பெரிய துரோகம் செய்வாள், அது அவளையே வதைக்கும் என்று முதல் பாகத்தில் கல்லூரித் தலைவர் சொல்கிறாரே, அது ரோஜர்தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லும் கருவியான உண்மைமானியை அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக நினைத்து, ரோஜரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் மூன்றாவது பாகத்தில் புல்மன் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறார்: அந்த முன்னறிவிப்பு நிறைவேறிய இடம் செத்தவர்களின் உலகத்துக்குப் போகும் படகுத்துறை. படகில் டீமனுக்கு இடமில்லை. லைரா தன் டீமன் பான்தலைமோனைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறாள். அவன் நாய்க்குட்டி உருவத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான்.

ஏன் அது பெரிய துரோகம்? ரோஜர் விஷயத்தில் அவளுக்குத் தெரியாது. பான் விஷயத்தில் முழுக்கத் தெரிந்தே செய்கிறாள். அதிலும், தெரியாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதற்காகத் தெரிந்தே ஒன்றைச் செய்கிறாள். ரோஜரிடம் போய்ச்சேர வேறு வழி இல்லை. இந்த முடிச்சை இவ்வளவு நேர்த்தியாகப் போட்டதற்காகவே, தட்டாம்பூச்சி ஒற்றர்களைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை, அந்தக் காயத்தை அவரே பிற்பாடு ஆறவிடவில்லை. 2019இல் வந்த ‘தி சீக்ரெட் காமன்வெல்த்’ நாவலில் லைராவுக்கு இருபது வயது, அவளும் பானும் முகம்கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. 2000இல் கரையில் விட்டதற்கான வட்டி.

ஜூன் 12

செத்தவர்களின் உலகம் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அப்பா இறந்த வருடம் இதை மறுபடி படித்தேன். ஆறுதலுக்காக இல்லை, கையில் கிடைத்தது. அங்கே ஆவிகள் லட்சக்கணக்கில் ஒரு சாம்பல் வெளியில் நிற்கிறார்கள். நல்லவர், கெட்டவர், பக்தர், நாத்திகர், எல்லோரும் ஒரே இடத்தில். தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை. பெண் முகம் கொண்ட பறவைப் பேய்களான ஹார்ப்பிகள் மட்டும் ஒவ்வொருவரும் செய்த மட்டமான காரியங்களை நினைவுபடுத்திக் கத்திக்கொண்டே இருக்கின்றன.

லைரா தன் வழக்கப்படி ஒரு கட்டுக்கதையை எடுத்துவிடுகிறாள். ஹார்ப்பி பாய்ந்து தாக்குகிறது. பிறகு ஆவிகளுக்காக அவள் நிஜமாக நடந்ததைச் சொல்கிறாள். களிமண் குழிகளில் பிள்ளைகளோடு போட்ட சண்டை, செங்கல் சூளையின் வாசனை, சேறு. ஹார்ப்பிகள் சத்தமில்லாமல் கேட்கின்றன. அதிலிருந்து ஒரு ஒப்பந்தம் பிறக்கிறது: இனி சாகிறவர்கள் தங்கள் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். சொன்னால் ஹார்ப்பிகள் வெளியே போகும் வழியைக் காட்டும். வெளியே என்றால் சொர்க்கம் இல்லை. காற்றில் கரைந்து மண்ணோடும் மரத்தோடும் சேர்வது. ரோஜர்தான் முதலில் போகிறான்.

இதைப் படித்துவிட்டு “மூன்றாவது பாகத்தில் கதை இல்லை” என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முதல் இரண்டு பாகத்திலும் லைரா தப்பிப்பதெல்லாம் பொய்யால்தான். கரடிகளின் ராஜா யோஃபரையே பொய் சொல்லித்தான் கவிழ்த்தாள். அந்த ஒரே ஆயுதம் செல்லாத இடத்துக்கு அவளைக் கொண்டுபோய் நிறுத்துவது கதை இல்லையென்றால் வேறு என்ன?

அப்பாவிடம் ஹார்ப்பி கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று அன்றைக்கு யோசித்தேன். நிறையச் சொல்லியிருப்பார், நிறுத்தத்தான் கஷ்டப்பட்டிருப்பார்கள்.

ஜூன் 15

பிரிவு. இதில்தான் அதிகப் பேர் கோபமாக இருக்கிறார்கள், புகாரில் நியாயமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே.

விதிகள் இவை. உலகங்களுக்கு நடுவில் ஜன்னல் வெட்டும் கத்தி ஒன்று வில்லிடம் இருக்கிறது, அதனால் ஒவ்வொரு தடவை கீறும்போதும் ஒரு ஸ்பெக்டர் பிறக்கிறது, பெரியவர்களின் உயிர்ப்பை உறிஞ்சும் பேய். திறந்து கிடக்கும் ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் தூசு, அதாவது பிரக்ஞையின் துகள்கள், வெளியே ஒழுகுகிறது. ஆகவே எல்லா ஜன்னலையும் மூட வேண்டும். யாரும் அடுத்தவர் உலகத்தில் நிரந்தரமாகத் தங்கவும் முடியாது, டீமன் நலிந்து பத்து வருடத்தில் சாவு.

“இதெல்லாம் கடைசி நேரத்தில் கண்டுபிடித்தது” என்கிறார் முதல் கேள்வி கேட்டவர். இல்லை. வில்லின் அப்பா ஜான் பாரி இரண்டாம் பாகத்திலேயே நோயாளியாகத்தான் வருகிறார், பன்னிரண்டு வருடமாக வேறு உலகத்தில் இருந்தவர். நோய்க்குக் காரணத்தை அவருடைய ஆவி மூன்றாம் பாகத்தில் சொல்கிறது. இரண்டு உலகத்துக்கும் போய்வந்துகொண்டிருந்த போரியல் பிரபு மட்டும் கொழுகொழுவென்று இருக்கிறார், ஏனென்றால் அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். சிட்டகாட்ஸே நகரமே ஸ்பெக்டர்களால் காலியாகிக் கிடக்கிறது. அந்தக் கத்தியைச் செய்த ஊரே அதுதான். இதெல்லாம் 1997இலேயே அச்சாகிவிட்டது. விதை முன்பே போட்டாயிற்று.

ஆனால் ஒரு இடத்தில் புல்மனின் கை தெரிகிறது. மனிதர்கள் யோசித்து, அன்பாக, ஆர்வத்தோடு வாழ்ந்தால் புதுத் தூசு உண்டாகும், அது ஒரே ஒரு ஜன்னலைத் திறந்துவைக்கப் போதும் என்கிறாள் ஸஃபானியா என்ற தேவதூதி. ஒன்று. இரண்டு இல்லை. அந்தக் கணத்தில் லைராவுக்கும் வில்லுக்கும் முகம் மலர்கிறது, அடுத்த கணமே, அந்த ஒன்று செத்தவர்கள் வெளியேறும் வழிக்கு வேண்டுமே என்று புரிகிறது. ஏன் ஒன்று? ஒன்றேகால் என்றால் வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துக்கொள்ளலாமே! இந்தக் கணக்கு தூசின் இயல்பிலிருந்து வரவில்லை, ஆசிரியருக்கு அந்தப் பிரிவு தேவைப்பட்டதிலிருந்து வந்தது.

அது தேவைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். நான் இருக்கிறது என்பேன். எல்லாச் செத்தவர்களின் விடுதலை ஒரு பக்கம், தங்கள் இருவரின் சந்தோஷம் மறுபக்கம் என்று வரும்போது அந்தப் பிள்ளைகள் இதுவரை கதையில் எந்தப் பெரியவரும் செய்யாததைச் செய்கிறார்கள். அஸ்ரியல் தன் வழிக்காக அடுத்தவர் பிள்ளையைக் கொடுத்தார். இவர்கள் அடுத்தவர் வழிக்காகத் தங்களுடையதைக் கொடுக்கிறார்கள். இது பிரசங்கமாக எங்கும் சொல்லப்படவில்லை. மேரி மலோனின் வாயில் தீர்ப்பை வைத்த அதே மனிதர்தான் இங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

இதை ஏற்றுக்கொண்டாலும் அழுகை வரத்தான் செய்யும். நானும் விதிகளை எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டே ஒவ்வொரு தடவையும் மூக்கை உறிஞ்சுகிறேன்.

ஜூன் 16

படமா தொடரா என்று கேட்டவருக்கு: 2007 படத்தில் கரடிகள் பிரமாதம், காட்சி மாயங்களுக்கு ஆஸ்கரே கிடைத்தது. ஆனால் ரோஜர் சாகும் கடைசி அத்தியாயங்களை எடுத்துவைத்தும் வெட்டிவிட்டார்கள், அடுத்த படத்துக்கு என்று. அடுத்த படம் வரவே இல்லை. டீமனை வெட்டிப் பிரிப்பது பற்றிய கதைக்கு இப்படி ஒரு படம் அமைந்தது பொருத்தம்தான். தொடர் 2019 முதல் 2022 வரை மூன்று பருவம், முடிவு வரை போனது. தெருவில் டீமன்களே கண்ணில் படுவதில்லை என்பது நியாயமான புகார், வரைகலைச் செலவு அப்படி.

ஜூன் 19

ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார், வளர்வது என்றால் இழப்பது என்று இந்தப் புத்தகம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறதாம்.

எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. உண்மைமானியில் 36 படங்கள், மூன்று முள்ளை நாம் திருப்பிவைக்கிறோம், நான்காவது முள் தானாகச் சுற்றிப் பதில் சொல்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அடுக்கடுக்காக அர்த்தங்கள், பண்டிதர்கள் தடிதடியான புத்தகங்களை வைத்துக்கொண்டு முக்குவார்கள். லைரா விளையாட்டாகப் படிக்கிறாள். மூன்றாம் பாக முடிவில் அந்த வரம் போய்விடுகிறது. முள் சுற்றுகிறது, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸஃபானியா சொல்வது: அருளால் படித்தாய், இனி உழைப்பால் படிக்கலாம், ஆயுள் முழுக்க ஆகும், ஆனால் அது முன்பைவிட ஆழமாக இருக்கும்.

புல்மன் தான் கடன்பட்டவர்கள் என்று சொல்வது மூன்று பேரை: மில்டன், பிளேக், அப்புறம் ஜெர்மன் எழுத்தாளர் க்ளைஸ்ட். பொம்மலாட்டம் பற்றி க்ளைஸ்ட் 1810இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையில் வாள்வீச்சில் யாராலும் ஏமாற்ற முடியாத கரடி ஒன்று வருகிறது. அதை அப்படியே எடுத்து லைரா குச்சியால் அயோரெக் கரடியோடு சண்டை போடும் காட்சியாக்கிவிட்டார். தன் செயலைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அந்த இயல்பான லாகவம் போய்விடும், திரும்பிப் போக வழி இல்லை, முன்னால் போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்பது க்ளைஸ்டின் விசாரம்.

பிள்ளைகள் பெரியவர்களாகாமல் கதைக்குள்ளேயே செத்து சொர்க்கம் போவதைச் சந்தோஷ முடிவு என்று எழுதிய சிறுவர் நூல்கள் உண்டு, புல்மன் அவற்றை நேரடியாகத் தாக்கி எழுதியிருக்கிறார். அதற்கு அவர் கொடுக்கும் பதில் இந்த உண்மைமானிக் காட்சி. பள்ளிக்கூடத்துக்குப் போ, அகராதியைத் திற என்கிறது. பயமுறுத்தல் என்றால் அது ஒன்றுதான், வீட்டுப்பாடம்.

ஜூன் 22

முலெஃபா அத்தியாயங்களில் தூங்கிப்போனதாகப் பலர். சக்கரம் மாதிரி விதைக்காய், அதில் நகத்தைக் கோர்த்து ஓடும் பிராணிகள், அந்த ஓட்டத்தில்தான் காய் உடைந்து விதை முளைக்கும், மரத்தின் எண்ணெய்தான் அவற்றுக்கு அறிவு தருகிறது. எனக்கு அதெல்லாம் விருந்து. ஆனால் நடுவில் வில் எங்கேயோ கத்தி உடைந்து நிற்கும்போது நம்மைக் கூட்டிப்போய் எண்ணெய்ப் பூச்சு பார்க்கவைப்பது கொடுமைதான், இல்லையென்று சொல்லவில்லை.

இன்னொன்று, மேரி கதை சொல்லும்போது லைராவின் உடம்பில் ஏதோ புதிதாக விழித்துக்கொள்வதாகச் சில வரிகள் வரும். அமெரிக்கப் பதிப்பில் அவற்றைக் குறைத்துவிட்டார்கள். கிழவரின் படிகப் பெட்டிக் காட்சியை விட்டுவைத்தார்கள், பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மூச்சு வேகமாக வருவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 24

ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் பூங்காவில் அந்தப் பெஞ்சு நிஜமாகவே இருக்கிறது. மிட்சம்மர் நாள் நண்பகலில் ஆளுக்கொரு உலகத்திலிருந்து வந்து உட்காருவோம் என்று லைராவும் வில்லும் பேசிக்கொள்வது அங்கேதான். வாசகர்கள் பெஞ்சில் பெயரைக் கீறிக் கீறி வைத்திருக்கிறார்கள். கத்தியால் கீறினால் ஸ்பெக்டர் வரும் என்று ஆயிரம் பக்கம் படித்தவர்கள் செய்யும் வேலை!

ஜூன் 27

எந்த வயதில் கொடுக்கலாம் என்று மூன்று நான்கு பேர் கேட்டாயிற்று. முதல் பாகத்தைப் பத்து, பதினொன்றில் தாராளமாகக் கொடுக்கலாம், மீன் கொட்டகை இடம் வரும்போது பக்கத்தில் இருங்கள். இரண்டாவதில் பலூன்காரர் லீ ஸ்கோர்ஸ்பியும் அவர் டீமன் ஹெஸ்டரும் சாகும் பள்ளத்தாக்கு இருக்கிறது, பெரியவர்களே தேறிவர நேரமாகும். மூன்றாவதை அவசரப்பட்டுக் கையில் திணிக்க வேண்டாம், கேட்கும்போது கொடுங்கள். என் அக்கா மகள் முதல் பாகத்தோடு நிறுத்தி, பல வருடம் கழித்துத் தானாக மிச்சத்தைப் படித்தாள். அவளுக்குப் பிடித்தது முலெஃபா, பிடிக்காதது வில். “ரொம்ப நல்ல பையன்” என்றாள், குற்றச்சாட்டாக.

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். ரோஜரைப் பற்றி ஒப்புக்கொள்கிறாராம், கிழவர் காட்சியைப் பற்றியும் யோசிக்கிறாராம், ஆனால் ஒற்றை ஜன்னல் கணக்கை மட்டும் மன்னிக்க முடியாதாம். எனக்கும் அதற்குமேல் வாதம் இல்லை. அடுத்த வரிசையான ‘தி புக் ஆஃப் டஸ்ட்’ 2017இல் தொடங்கி 2025இல் ‘தி ரோஸ் ஃபீல்ட்’ நாவலோடு முடிந்திருக்கிறது. அதற்குள் இறங்குவதென்றால் முதலில் மூன்றாம் பாகத்தை மறுபடி படித்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் லைராவின் இருபது வயதுச் சிடுசிடுப்பு உங்களுக்குப் பிடிபடாது.